தொரை பேரில் போன வார்த்தை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நல்ல வார்த்தை எது பிறந்தாலும் அதற்கு அப்பன் வெள்ளைக்காரத் தொரைதான். மழை பிடிக்கிறதுக்கு முந்தி உரம் போட்டு முடி என்றால் அது தொரை சொன்னது. பிள்ளை பெற்றவள் வயிறு காயக்கூடாது என்றால் அதுவும் தொரை சொன்னது. ஒரு தடவை பெண் பார்க்கப் போன இடத்தில் எங்கள் ஆள் ஒருத்தர், சம்பந்தம் பேசப் போனால் முதலில் அந்த வீட்டு அடுப்பைப் பார் என்று தொரை சொல்லுவார் என்று காலை ஆட்டிக்கொண்டு சொன்னார். கல்யாணமே கட்டாத தொரை எந்த வீட்டு அடுப்பைப் போய்ப் பார்த்தார் என்று நான் கேட்டேன். அதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது, பேச்சு மாறிப்போனது.

தொரை என்றால் தோட்டத்து மேனேஜர். இப்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறோம், ஆள் யாராக இருந்தாலும். ஆனால் வெறுமனே 'தொரை சொன்னாரு' என்று நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் சொன்னால், அது கடைசியாக இருந்த வெள்ளைக்காரர்தான். நான் அவரைப் பார்த்தவள். பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போன புதுசில் அவர்தான் பங்களாவில் இருந்தார். ஒல்லியான மனுசன். வெயில் பட்டால் மூக்கு மட்டும் தக்காளி மாதிரி சிவந்துவிடும். அவருக்குத் தெரிந்த தமிழை ஒரு கைக்குள் அடக்கிவிடலாம். சீக்கிரம், போ, வா, நாளைக்கு வா, அது என்னா. அதற்கு மேல் பேச வேண்டுமானால் பக்கத்தில் ஆபீஸ் கிளாக்கர் நிற்க வேண்டும். அப்படிப்பட்டவர், ஊருக்குப் போன பிற்பாடு இத்தனை வருசமாக இவ்வளவு அழகான தமிழ் பேசிக்கொண்டிருக்கிறார் என்றால், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அவர் பேசுகிற தமிழில் ஒன்று என்னுடையது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், கொஞ்சம் எழுதினால் கை உளையும். ஆனாலும் உட்கார்ந்து எழுதுகிறேன். என் வார்த்தையை நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது.

தொரை கப்பலேறிப் போய், நம்ம நாட்டுத் தொரைமார் வந்த காலம் அது. எங்கள் லயத்துக்கு மேலே பாறை இடுக்கில் ஒரு ஊற்று இருக்கிறது. அந்தத் தண்ணி ஒரு இரும்புக் குழாய் வழியாக வந்து கொட்டும். அதைத்தான் பீலி என்போம். குடிக்க, சமைக்க, துவைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பீலிதான். வந்த புதுத் தொரைக்கு ஊற்றுப் பக்கத்தில் தேயிலைக் கன்று வளர்க்கத் தவறணை போட ஆசை. லயத்து ஆள்கள் கீழே ஆற்றில் தண்ணி எடுத்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு வரப்போவதாகக் கணக்கப்பிள்ளை சொன்னார். எங்களை மலையில் வேலை வாங்குகிறவர் அவர். நல்ல மனுசன், ஆனால் மேலே ஆபீசுக்குப் போனால் சத்தம் இறங்கிப்போகும்.

அந்தி நேரம், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வரிசையாக நிற்கிறோம். சேதியைக் கேட்டதும் பெண்கள் எல்லாம் ஒருத்திக்கு ஒருத்தி முணுமுணுத்தார்கள். ஆற்றுக்கு இறங்குவது ஒன்றும் இல்லை, குடத்தோடு திரும்ப ஏறிப் பார்த்தால் தெரியும். காலையில் தண்ணி எடுத்து, பிள்ளையைப் பிள்ளை மடுவத்து ஆயாவிடம் விட்டு, பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஓடி வருகிறவளுக்கு அந்த ஏற்றம் என்னவாக இருக்கும். நான் கூடையை இறக்கி வைத்தேன். கணக்கப்பிள்ளை முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"பொம்பளை தண்ணிக்கு நடக்கிற தூரம் கூடுனா, கூடையில கொழுந்து கொறையுமுங்க."

யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. சொன்ன பிறகு எனக்கே அது நன்றாக இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நாக்கிலேயே வைத்துக்கொண்டு போனேன். என் பக்கத்தில் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கச்சி, அவளும் கூடையோடு நின்றாள். அவள் அப்போது வேலைக்கு வந்த புதுசு. அவள் காதால் கேட்டது இது. பின்னால் தேவைப்படும் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

கொஞ்ச நாளில் தவறணை வேறு பக்கம் போய்விட்டது. பீலி அப்படியே நின்றது. ஒரு நாள் கணக்கப்பிள்ளை நான் கொழுந்தெடுக்கிற நிரைப் பக்கமாக வந்தார். வந்தவர் கொழுந்தைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டு, "ஒன் பேச்சு எடுபட்டுருச்சு புள்ள. ஆனா கொழுந்தெடுக்கிற புள்ள சொல்லுச்சுன்னு தொரைகிட்டப் போய் எப்புடிச் சொல்றது? முந்தின தொரை இப்புடிச் சொல்லுவாருங்கன்னு சொல்லிட்டேன். ஒடனே தலையை ஆட்டிட்டாரு" என்றார்.

எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது. தண்ணி கைவிட்டுப் போகாததே பெரிசு. வயசும் சின்னது. இதைப் போல இன்னும் எத்தனையோ வார்த்தை வாயில் வரும், ஒன்று போனால் போகட்டும் என்று நினைத்தேன்.

ஆனால் அந்த ஒன்று போகிற வேகம் இருக்கிறதே. முதலில் கிளாக்கர்மார் சொன்னார்கள், பிறகு கங்காணிமார். பிறகு தொழிலாளர் சங்கத்துக் கூட்டத்தில் ஒரு தலைவர் மைக்கைப் பிடித்து, வெள்ளைக்காரனுக்கே தெரிந்தது இவர்களுக்குத் தெரியவில்லையே என்று என் வார்த்தையை எடுத்துவிட்டார். கைதட்டல் தாங்கவில்லை. நானும் தட்டினேன். என்ன செய்வது, நன்றாகத்தானே இருந்தது.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன், என் வீட்டுக்காரர் செய்ததை மட்டும் பொறுக்க முடியவில்லை. மஸ்கெலியாவில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் மாப்பிள்ளை வீட்டாரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே அவர், "எங்க தோட்டத்துத் தொரை ஒண்ணு சொல்லுவாரு" என்று ஆரம்பித்து, பொம்பளை தண்ணிக்கு என்று இழுத்துச் சொல்லி முடித்தார். பரிமாறிக்கொண்டு நின்ற நான் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கேட்டேன், அது யார் சொன்னது என்று உங்களுக்குத் தெரியாதா என்று. நீ சொன்னதாகத்தான் இருக்கும், ஆனால் தொரையும் சொல்லியிருப்பார் என்றார். அவர் போய்ச் சேருகிற வரைக்கும் அந்த 'தொரையும்' என்பதை விடவே இல்லை. மற்றபடி என் பேச்சுக்கு மறு பேச்சு பேசாத மனுசன்.

இது எங்கள் தோட்டத்தில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நாத்தனாருடைய மகளுக்குத் தினம் காலையில் போனில் படம் வரும். ஒரு பெரிய மனுசர் முகம், பக்கத்தில் ஒரு நல்ல வாசகம். எனக்கு வாசித்துக் காட்டுவாள். ஒரு நாள் தாடி வைத்த ஒருத்தர் பொறுமையைப் பற்றிச் சொன்னார். கொஞ்ச நாள் கழித்து அதே வாசகத்தைக் கோட்டுப் போட்ட ஒருத்தர் சொன்னார். அப்புறம் ஒரு சாமியார் சொன்னார். மூன்று பேரில் யார் சொன்னது என்று கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை. ஹட்டனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஓட்டோக்களின் முதுகில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டி வாசிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. அங்கேயும் அதே வாசகம், நாலாவதாக ஒரு பேரோடு. நான் கண்டுபிடித்தது என்னவென்றால், யாருக்குப் போட்டோ இருக்கிறதோ அவருக்குத்தான் வார்த்தை போய்ச் சேருகிறது. சொன்னவனிடம் போட்டோ இல்லை என்றால் அவன் சொல்லவே இல்லை.

இனிமேல்தான் விசயம்.

தொரை இருந்த பங்களாவை இப்போது ஹோட்டலாக்கிவிட்டார்கள். வெளிநாட்டு ஆள்கள் வந்து தங்கி, காலையில் பனியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். அதற்கு மேனேஜர் கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்களத் தம்பி. தமிழ் கேட்டால் விளங்கும், பேச வராது. நாங்கள்தான் சிங்களம் பேசுவோமே, அதனால் ஒரு குறையும் இல்லை. என்னை ஆச்சி என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். நாத்தனாருடைய மகள் அங்கே படுக்கை விரிப்புத் துவைக்கிற வேலைக்குப் போகிறாள்.

ஹோட்டல் திறக்கிற சமயத்தில் அந்தத் தம்பி லயத்துக்கு இறங்கி வந்து, பழைய தொரையைப் பற்றிக் கதை எதுவும் தெரியுமா என்று வயசாளிகளைக் கேட்டிருக்கிறார். நான் அப்போது கண் ஆபரேசனுக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். என் நாத்தனார் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு தாராளமாகக் கதை சொல்லியிருக்கிறாள். சொன்ன கதையில் என் வார்த்தையும் ஒன்று, தொரை பேரில்.

நான் கண்ணாடியோடு திரும்பி வந்தபோது அது பங்களா வராந்தாவில் போர்டாகத் தொங்கியது. நாத்தனார் மகள் போனில் படம் பிடித்து வந்து காட்டினாள். சிங்களம், தமிழ், இங்கிலீசு மூன்றிலும் எழுதி, மேலே தொரை படம். படத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த சிரிப்பில் கண்ணில் போட்ட மருந்து வழிந்துவிட்டது. அது எங்கள் தொரையே இல்லை. குண்டாக, மீசையை முறுக்கிக்கொண்டு, ஒரு நாயைப் பிடித்தபடி யாரோ நிற்கிறார். பழைய சாமான் அறையில் கிடைத்த படமாம். என் வார்த்தை அதைச் சொல்லாத தொரை பேரில் போய், அந்தப் பேரும் வேறு ஒருத்தர் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நாத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டேன், பக்கத்தில் நின்று கேட்டவள் நீயே இப்படிச் சொல்லலாமா என்று. உங்கள் பேரைச் சொல்லியிருந்தால் அந்தத் தம்பி எழுதியே இருக்காது அண்ணி என்றாள். அவளோடு ரெண்டு நாள் பேசாமல் இருந்தேன். பிறகு அவள் வீட்டில் கறிவேப்பிலை கேட்க வேண்டி வந்துவிட்டது.

அப்படியே போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். போன வெயில் காலத்தில், பீலித் தண்ணி நூல் மாதிரி விழுகிற மாதத்தில், ஊற்றுப் பக்கம் கறுப்புக் குழாய்ச் சுருள்கள் வந்து இறங்கின. விசாரித்தால், பங்களாவுக்குப் பின்னால் வெளிநாட்டு ஆள்கள் நீந்துகிறதுக்குத் தொட்டி கட்டுகிறார்களாம், அதற்கு எங்கள் ஊற்றுத் தண்ணி. தோட்டத்து ஆபீசில் சம்மதம் வாங்கியாகிவிட்டது. பாதிதான் எடுப்போம், பாதி உங்களுக்கு என்றார்களாம். வெயில் காலத்தில் நூலில் பாதி என்ன வரும். ஆற்றுக்கு இறங்க வேண்டியதுதான். நான் இறங்கிவிடுவேன், திரும்பி ஏறுகிறதுக்கு என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. லயத்தில் பாதிப் பேர் என் மாதிரிதான்.

மேலே போய்ப் பேசுவதென்று முடிவானது. ஆம்பளைகள் போனால் சண்டை மாதிரி இருக்கும், பெண்கள் போகலாம் என்றார்கள். யார் பேசுவது என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சரி, போகிறேன், போகிற கையோடு அந்த போர்டில் இருக்கிறது யாருடைய பேச்சு என்பதையும் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். இத்தனை வருசம் விட்டது போதும் என்று பட்டது.

எல்லாரும் கலைந்து போனதும் நாத்தனார் மட்டும் நின்றாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்றைக்கும் இல்லாமல் மெதுவாகப் பேசினாள்.

"அண்ணி, நீங்க சொன்னதுன்னு சொன்னா அது ஒரு கெழவி பேச்சு. தொரை சொன்னதுன்னா அது அவுங்க சொவத்துல அவுங்களே எழுதி வச்சது. எதை வச்சுத் தண்ணி கேக்கப் போறீங்க?"

"அப்ப நான் வாயை மூடிக்கிட்டு நிக்கணுமா?"

"வாயைத் தொறங்க. பேரை மட்டும் சொல்லாதீங்க. ஒங்களால முடியாதுதான், தெரியும்."

அந்தக் கடைசி வார்த்தையை வேண்டுமென்றே சொன்னாள். முடியாது என்று சொன்னால் நான் முடித்துக் காட்டுவேன் என்று அவளுக்குத் தெரியும். அன்று முழுக்க எனக்குள் ஒரே போராட்டம். மாவு பிசைகிறேன், ரொட்டி சுடுகிறேன், மனசு பங்களா வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருக்கிறது. சொன்னால் என் வார்த்தை எனக்கு வரும், தண்ணி வருமா தெரியாது. சொல்லாவிட்டால் தண்ணி வரலாம், வார்த்தை அந்த நாய் பிடித்த மனுசனோடு ஒரேயடியாகப் போய்விடும். ரொட்டி கருகினதுதான் மிச்சம்.

மறுநாள் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு ஏறினோம். மேனேஜர் தம்பி வராந்தாவுக்கு வந்து, உட்காரச் சொல்லி, தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் புருசன் பெண்சாதி உட்கார்ந்து டோஸ்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாத்தனாருடைய மகள் உள்ளே இருந்து திரையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள். தம்பி நாங்கள் கேட்கும் முன்னமே பதிலை ஆரம்பித்துவிட்டார். கம்பனி சம்மதம், ஆபீஸ் சம்மதம், பாதித் தண்ணிதான், யாருக்கும் கஷ்டம் வராது. நன்றாகத்தான் பேசினார். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். பிறகு, ஐயா என்பதற்கு மாத்தயா போட்டு, சிங்களத்தில் சொன்னேன், "மாத்தயா, எனக்குக் கண்ணு ஆபரேசன் பண்ணினது. அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு, கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க."

சந்தோசமாக எழுந்து போனார். தொரையுடைய பொன்னான வார்த்தை ஆச்சி என்று சொல்லிவிட்டு வாசித்தார். பொம்பளை தண்ணிக்கு நடக்கிற தூரம் கூடினால் என்கிற வரைக்கும் நல்ல சத்தமாக வாசித்தார். கூடையில் கொழுந்து குறையும் என்கிறதை மெதுவாக வாசித்தார். வாசித்துவிட்டுத் திரும்பாமல் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதைச் சொன்னது நான்தான் என்று எனக்கு நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. பக்கத்தில் நாத்தனார் என் சேலைத் தலைப்பைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தாள், ஆட்டுக்குட்டியைப் பிடிக்கிற மாதிரி. விழுங்கினேன்.

அதற்குள் அந்த வெள்ளைக்காரம்மா எழுந்து வந்து, என்ன என்று கேட்டார். தம்பி இங்கிலீசு எழுத்தைக் காட்டினார். அந்தம்மா வாசித்துவிட்டு எங்களைப் பார்த்து ஏதோ கேட்டார். இந்தப் பெண்கள்தானா, எங்கே போய்த் தண்ணி எடுக்கிறார்கள் என்று கேட்டதாக உள்ளே இருந்தவள் பின்னால் சொன்னாள். தம்பி தோட்டத்துப் பூவைப் பார்த்துக்கொண்டு என்னவோ பதில் சொன்னார். பிறகு எங்களிடம் வந்து, கொழும்பில் முதலாளியிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

அந்த ஒரு கிழமை, ஏழு நாளும், நகர மாட்டேன் என்றது. பீலியில் குடம் நிறைகிறதுக்குள் ஒரு குடும்பக் கதையைப் பேசி முடித்துவிடலாம், அவ்வளவு மெலிசாக விழுந்தது. குழாய்ச் சுருள் ஊற்றுப் பக்கம் அப்படியே கிடந்தது. போகிறவள் வருகிறவள் எல்லாம் அதை ஒரு மிதி மிதித்துவிட்டுப் போனாள். நான் மிதிக்கவில்லை. வயசுக்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்ள வேண்டும். ஒரே ஒரு தடவை குச்சியால் தள்ளினேன்.

பிறகு ஒரு காலையில் டிரக்டர் வந்து சுருள்களை ஏற்றிக்கொண்டு போனது. மத்தியானம் தம்பியே இறங்கி வந்தார், கையில் பிஸ்கட் பெட்டியோடு. நாத்தனார் வீட்டு வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், உட்கார வைத்தோம். நீச்சல் தொட்டிக்கு ஆற்றிலிருந்து மோட்டார் போட்டுத் தண்ணி எடுக்கப் போகிறார்களாம். தொரையின் வார்த்தையை நம்ம சுவரிலும் இன்டர்நெட்டிலும் போட்டுவிட்டு அதற்கு மாறாக நடந்தால் வருகிறவர்கள் சிரிப்பார்கள் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். உங்கள் தொரை பெரிய மனுசர் ஆச்சி, செத்தும் உங்களைப் பார்த்துக்கொள்கிறார் என்றார்.

தண்ணி எங்களுக்கே என்று ஆகிவிட்டது. இனி எதற்கு விழுங்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, "மாத்தயா, அதைச் சொன்னது தொரை இல்லை. நான்" என்றேன்.

தம்பி சிரித்தார். நல்ல பிள்ளை, மனசு நோகாமல் சிரித்தார். ஆச்சிக்கு வயசானாலும் ஜோக்குக் குறையவில்லை என்றார். நான் விடவில்லை. மடுவம், கணக்கப்பிள்ளை, தவறணை எல்லாம் சொன்னேன். தொரைக்குத் தமிழே ஐந்தாறு வார்த்தைதான் என்று சொன்னேன். அந்தப் படத்தில் இருப்பதும் அவர் இல்லை என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் சிரிப்புக் கூடிக்கொண்டே போனது. சாட்சிக்கு நாத்தனாரைப் பார்த்தேன். அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற வேலையில் மிகவும் மும்முரமாக இருந்தாள். தண்ணி வந்த பிறகும் அவளுக்குப் பயம் போகவில்லை.

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி ஆச்சி, தொரையை நேருல பார்த்தவங்க நீங்க. வேற என்ன சொல்லுவாரு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, எழுதிக்கொள்ளப் போகிறவர் மாதிரி போனைக் கையில் எடுத்தார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் சிரிக்கிற அந்த முகம் இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி காத்திருந்தது. அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது.

பீலியை ஒட்டித்தான் அருவி பார்க்கப் போகிற பாதை. ஹோட்டல் வந்த நாளிலிருந்து அந்தப் பாதையில் காலையும் மாலையும் ஆள். பெண்கள் பாவாடையை மாருக்கு மேலே கட்டிக்கொண்டு குளிக்கிற நேரத்தில், தேயிலையையும் படம் பிடித்து, பாறையையும் படம் பிடித்து, அப்படியே எங்களையும் பிடித்துக்கொண்டு போகிறார்கள். வயசுப் பிள்ளைகள் இருட்டின பிறகு குளிரில் நடுங்கிக்கொண்டு குளிக்கப் போகிறதுகள். ஆபீசில் சொல்லிப் பார்த்தாயிற்று, சங்கத்தில் சொல்லிப் பார்த்தாயிற்று. நாங்கள் சொன்னதுதானே, யார் கேட்பது.

"ஒண்ணு அடிக்கடி சொல்லுவாரு" என்றேன்.

நாத்தனார் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தினாள்.

"குளிக்கிற பொம்பளைக்கு ஒரு மறைப்பு இல்லாத தோட்டத்துல, பங்களாவுக்கு மட்டும் வேலி எதுக்கும்பாரு."

தம்பி இன்னொரு தடவை சொல்லச் சொல்லி போனில் பிடித்துக்கொண்டார். அருமை ஆச்சி, அருமை என்றார். எந்த இடத்தில் நின்று சொல்லுவார் என்று கேட்டார். பீலிக்குப் பக்கத்தில் நின்றுதான் என்றேன். அவர் பாதையைப் பார்த்தார், பீலியைப் பார்த்தார், யோசித்துக்கொண்டே ஏறிப் போனார். அவர் தலை மறைந்ததும் நாத்தனார் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அண்ணி, அந்த மனுசன் மேலே இருந்து இதைக் கேட்டால் 'அது என்னா' என்றுதான் கேட்பார் என்றாள்.

மழை பிடிக்கிறதுக்கு முந்தி ஹோட்டல் செலவில் சிமெந்துக் கல் வந்து இறங்கியது. பீலியைச் சுற்றி ஆள் உயரத்துக்குச் சுவர் எழுந்தது, உள்ளே துவைக்கிற கல்லும் போட்டுக் கொடுத்தார்கள். முதல் நாள் பகல் வெளிச்சத்தில் பெண்கள் குளித்த குளியலில் சத்தம் கடைசி லயம் வரைக்கும் கேட்டது. நானும் போய், அவசரமே இல்லாமல் முதுகு தேய்த்துக் குளித்துவிட்டு வந்தேன்.

சுவர் எழும்பின கையோடு வராந்தாவில் ரெண்டாவது போர்டும் ஏறிவிட்டது. பார்க்க வர வேண்டும் என்று தம்பி ஆள் அனுப்பினார். போனேன். என்னைக் கைபிடித்துக் கூட்டிப் போய் முன்னால் நிறுத்தினார். நாற்காலியில் இருந்த வெளிநாட்டு ஆள்களிடம், தொரை வாயால் நேரில் கேட்டது இந்த ஆச்சிதான் என்று அறிமுகமும் செய்தார். அவர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். பிறகு கண்ணாடியைச் சரியாக வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

'குளிக்கும் பெண்களுக்கு மறைப்பு வேண்டும்.' அவ்வளவுதான் இருந்தது. பங்களா வேலியைக் காணோம்.

"இது பாதிதானே மாத்தயா" என்றேன்.

மீதி வருகிறவர்களுக்குக் கொஞ்சம் உறைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டதாகச் சொல்லி நெளிந்தார். மறைப்பு வேண்டும் என்பதை யாரும் சொல்லலாம். வேலி எதுக்கு என்று கேட்டதில்தானே அந்த வார்த்தைக்கு உயிர் இருக்கிறது. என் பேரை எடுத்துக்கொண்டார்கள், முகத்தை வேறு யாருக்கோ கொடுத்தார்கள், பொறுத்தேன். வார்த்தையில் கை வைத்தால் பொறுக்க மாட்டேன்.

"தொரை பாதியில நிறுத்துற ஆளு இல்லை. முழுசாத்தான் சொல்லுவாரு."

"நிச்சயமா ஆச்சி?"

"என் காதால கேட்டேன்" என்றேன்.

அது பொய்யும் இல்லை. சொன்ன வாய்க்கு மிகவும் பக்கத்தில் இருந்த காது அதுதான்.

தம்பி கொஞ்ச நேரம் போர்டைப் பார்த்தார், பிறகு வாசலில் புதுசாகப் பெயின்ட் அடித்த வேலியைப் பார்த்தார். ஆளைக் கூப்பிட்டு போர்டைக் கழற்றச் சொன்னார். அடுத்த கிழமை முழுசாக எழுதி மாட்டினார்கள். போய் வாசித்துப் பார்த்தேன், ஒரு சொல் மாறவில்லை.